வகுப்பறையும் கைத்தொலைபேசியும்

சென்ற தவணையில் வடபகுதிப் பாடசாலையொன்றின் தமிழ் மன்ற விழாவிற்கு என்னை அழைத்திருந்தார்கள். விழா பத்தரை மணிக்கு. நானோ ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். அதிபர் வேறு அலுவல்களிலே மூழ்கியிருந்தமையால், "அதுவரையில் ஏதாவதொரு வகுப்பிலே இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு இசைந்து, ஏழாந் தரக் கணித வகுப்பின் பின்வரிசையிலே எனக்கு ஒரு கதிரை போடுவித்தார்.

அங்கே ஆசிரியை கற்பிக்கவில்லை. ஒரு சிறுமி கற்பித்துக்கொண்டிருந்தாள். கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றைச் செவ்வகமாக வெட்டி, மூலையிலிருந்து மூலைக்கு மடித்துக் கிழித்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் காட்டினாள். முக்கோணியின் பரப்பளவு, அடியையும் உயரத்தையும் பெருக்கி வருவதிலே ஏன் பாதியாகின்றது என்பதே அவள் விளக்க எடுத்துக்கொண்ட பொருள். முன்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "உச்சி அடிக்கு வெளியில சரிஞ்சு நிண்டா என்ன செய்யிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அத்தகைய முக்கோணியை அவள் காட்டியவாறு தாளை மடித்துப் பெறமுடியாது. சிறுமி வெண்கட்டியைக் கையிற் பிடித்தபடி கரும்பலகையைப் பார்த்து நின்றாள். ஆசிரியை வாய் திறக்கவில்லை. வகுப்பிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து அந்தப் பலகையையே பார்த்திருந்தார்கள்.

அவ்வேளையிலே என் சட்டைப்பையிலிருந்த கைத்தொலைபேசி மணியடித்தது.

அதை நிறுத்துவதற்காகவே வெளியே எடுத்தேன். எடுத்தவன், பழக்கத்தின் வலிமையால், அழைப்பது யாரென்று பார்த்தேன். பார்த்தவன், "பிறகு பேசுகிறேன்" என்று தாழ்ந்த குரலிலே சொல்லவுஞ் செய்தேன். தலை நிமிர்ந்தபோது வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அச்சிறுமி மிக மரியாதையாக, "கதைச்சு முடியுங்கோ ஐயா, நான் நிக்கிறன்" என்றாள்.

அச்சகத்திலிருந்து வந்த அழைப்பு அது. விளம்பரமொன்றின் அளவு பற்றிய வினா. மாலை வரையிற் காத்திருந்தாலும் எவருக்கும் ஒரு நட்டமும் வந்திராது. ஆனால், அச்சிறுமி மீண்டும் பலகையின் பக்கந் திரும்பியபோது அவள் எண்ணத்தின் இழை அறுந்து போயிருந்தது. சிறிது நேரம் நின்று பார்த்தாள். "எனக்குத் தெரியேல்லை, ரீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்திற்குப் போய் இருந்துவிட்டாள். பாடமும் முடிந்தது.

வகுப்பறையிலே கைத்தொலைபேசி இருத்தலாகாது என்பதே இவ்வாரம் நான் சொல்ல வந்த கருத்து. ஆயினும், என் பிழையை முதலிலே சொல்லாமல் அக்கருத்தை எழுத எனக்கு உரிமையில்லை என்று கருதியே இந்நிகழ்ச்சியை முன்வைத்தேன். அன்று அந்த வகுப்பின் கவனத்தைக் குலைத்தவன் மாணவனல்லன்; நாகரிகமறிந்தவன் என்று அழைக்கப்பட்டுப் போன ஒரு முதியவன்.

கைத்தொலைபேசியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனுள்ளே காணப்படும் தீயவற்றையே பேசுகின்றனர். ஆபாசம், வீண் விளையாட்டு, வம்பளப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, "ஆதலால் இது பிள்ளைகளின் கைக்கு ஆகாது" என்கின்றனர். அவற்றாலே தீங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், என் சட்டைப்பையிலே தீயது எதுவுமிருக்கவில்லை. நேர்மையான தொழில் சம்பந்தமான அழைப்பே வந்தது. அதுவே ஒரு பிள்ளையின் சிந்தனையைக் குலைக்கப் போதுமானதாயிருந்தது. எனவே, கருவியினுள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு முன்னே, வகுப்பறை என்பது யாது என்ற வினாவிற்கு விடை காணவேண்டும்.

இவ்வினாவிற்கு நம் முன்னோரே விடை சொல்லியிருக்கின்றனர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பாடங்கேட்கும் முறையைத் தனியாக வகுத்துரைத்தார். அங்கே அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் கூறுவதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும், மாணாக்கன் பெறுவது கல்வியிலே காற்பங்குதான். உடன்கற்பாரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்து விளக்கும்போதே கைவரும். இலக்கணம் படித்தவர்கள் இதைப் பரீட்சைக்காக மனனஞ் செய்திருப்பார்கள். நானும் செய்தேன். ஆயினும், அந்தக் கணித வகுப்பிலே இருந்த பிறகே இதன் பொருள் எனக்குத் துலங்கிற்று. இம்மூன்று பங்குகளும் மனிதர் முன்னிலையிலே மட்டும் கிடைப்பவை. ஆசிரியர் வேண்டும், தோழர் வேண்டும், கேட்பார் வேண்டும். இம்மூவரும் ஒரே பொருளின்மீது ஒருங்கே மனம் வைக்கும் இடமே வகுப்பறை.

முதலாவது காற்பங்கைப் பார்ப்போம். நல்லாசிரியர் ஒருவர் பேசும்போது அவருடைய கண்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்த முகத்திலே விளக்கமின்மை தோன்றுகிறதோ அந்த முகத்திற்காக அவர் சொன்னதை வேறு சொற்களாலே திரும்பச் சொல்வார். மேசையின் கீழே ஒளிரும் சிறு திரையை நோக்கிக் குனிந்த முகத்திலே அவர் எதைப் படிப்பார்? மாணவன் பாடத்தை இழக்கிறான். ஆசிரியரோ தாம் கற்பிப்பது சென்று சேர்கின்றதா என்று அறியும் வழியையே இழக்கிறார்.

இரண்டாவது காற்பங்கு தோழரால் வருவது. இங்கே, பலர் எண்ணிப் பார்க்காத உண்மையொன்று உண்டு. "என் பிள்ளை தன் தொலைபேசியைப் பார்த்தால் கெடுவது என் பிள்ளைதானே" என்று ஒரு தந்தையார் வாதிக்கலாம். அஃது அவ்வாறன்று. 2022 ஆம் ஆண்டில் 81 நாடுகளையும் பிரதேசங்களையுஞ் சேர்ந்த 15 வயது மாணவரிடையே பீசா என்னும் சர்வதேச மதிப்பீடு நடத்தப்பட்டது. அதனை நடத்திய பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனத்தின் உறுப்பு நாடுகளிலே, சராசரியாக நூற்றுக்கு 65 மாணவர்கள், கணித பாடங்கள் சிலவற்றிலாவது மின்னியற் கருவிகளாலே தம் கவனம் சிதறுவதாகக் கூறினர். பிற மாணவர் அக்கருவிகளைப் பயன்படுத்துவதாலே தம் கவனம் சிதறுவதாகக் கூறியோர் நூற்றுக்கு 59 பேர். இவ்வாறு பிறராற் சிதறுண்டவர்கள், அத்தொல்லை இல்லாத மாணவரைவிடக் கணிதத்திலே சராசரியாக 15 புள்ளிகள் குறைவாகவே பெற்றிருந்தனர். குடும்ப வசதியிலுள்ள வேற்றுமையைக் கணக்கிலெடுத்துக் கழித்த பின்பும் நின்ற வேறுபாடு இது. கருவி வைத்திராத பிள்ளையும் அயலிலிருப்பவன் கருவியாலே நட்டப்படுகிறது. எனவே இது ஒருவருடைய சொந்த விஷயமன்று.

எஞ்சிய அரைப்பங்கே எல்லாவற்றிலும் பெரியது. தெரியாத ஒன்றின்முன் நின்று, தடுமாறி, சொற்களைத் தேடி, பிறருக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதே அறிவு நமதாகின்றது. அன்று அந்தச் சிறுவன் கேட்ட வினாவிற்கு விடையை இங்கே இரண்டு வரிகளில் எழுதிவிட என்னால் முடியும். கையிலே தொலைபேசியுள்ள எவருக்கும் அது அரைநொடியிற் கிடைக்கும். ஆனால், அந்த அரைநொடி விடையாலே அச்சிறுமிக்கு என்ன பயன்? அவள் பலகையின்முன் மௌனமாக நின்ற அந்த நேரமே அவளுடைய கல்வி. அந்த மௌனத்தைப் பொறுத்திருக்கக்கூடிய இடம் இன்று வகுப்பறையன்றி வேறெங்கே உண்டு? வீட்டிலும், பேருந்திலும், கோயில் வீதியிலுங்கூட அந்த மௌனத்தை நாம் முன்னமே பறிகொடுத்துவிட்டோம்.

"இவர் புதியன எல்லாவற்றையும் வெறுக்கும் பழமைவாதி" என்று என்னைக் கூறுவாரும் இருப்பர். அவர்களுக்குச் சரித்திரத்திலிருந்து மறுமொழி சொல்ல விரும்புகிறேன். ஸ்கொத்லாந்திலே பிறந்த அன்றூ பெல் என்னும் பாதிரியார், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திவந்தார். அயலிலிருந்த நாட்டுப் பள்ளிக்கூடமொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையே தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவரைக்கொண்டு இளையோருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797 இலே அவர் இதனை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட, அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்திலே பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிகளின் மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து சென்ற கதை இது. 1848 இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுகநாவலர், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதி அச்சிலே பதிப்பித்தார். ஏட்டுச்சுவடியே கல்வியாயிருந்த சமூகத்திற்கு அச்சுநூல் ஒரு புதுக்கருவிதான். கரும்பலகையும், சிலேட்டும், வானொலியும் ஒவ்வொரு காலத்திற் புதியனவாகவே வந்தன. அவற்றை வகுப்பறை ஏற்றுக்கொண்டது.

அப்படியாயின் கைத்தொலைபேசியை மட்டும் ஏன் ஏற்கலாகாது? அக்கருவிகளெல்லாம் வகுப்பிற்குப் பொதுவானவை. கரும்பலகையை எல்லாருங் காண்பர். வானொலியை எல்லாருங் கேட்பர். மணலிலே எழுதியதை ஆசிரியர் அருகே நின்று பார்ப்பார். அவை வகுப்பின் கவனத்தை ஒன்றுகூட்டின. கைத்தொலைபேசியோ ஒருவனுக்கே உரியது. ஒரு முகத்தையே பார்ப்பது. அன்றியும், அது பிடித்திருப்பவனை வேறிடத்திற்கு அழைத்துச் செல்வதற்காகவே செய்யப்பட்டது. அதன் செயலிகள் பலவற்றின் வருவாய், நம் கண்களை எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்கின்றன என்பதையே பொறுத்திருக்கிறது. அதனோடு போட்டியிட்டு வெல்லும்படி, ஒரு வெண்கட்டியைக் கொடுத்து நம் ஆசிரியரை அனுப்புதல் நீதியாகாது.

ஆசிரியர் வழிநடத்த, பாடத்திற்கென்றே பயன்படுத்தப்படும் கணினியை நான் எதிர்க்கவில்லை. முன்னே கூறிய மதிப்பீட்டிலேயே, பாடசாலையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரையிற் கற்றலுக்காகக் கருவிகளைப் பயன்படுத்திய மாணவர், அவற்றை முற்றாகப் பயன்படுத்தாதவரைவிடக் கணிதத்திலே முன்னின்றனர் என்பதும் காணப்பட்டது. கணினிக்கு ஓர் அறையும், அதற்கென ஒரு பாடவேளையும் இருக்கட்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் கருவியும், செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு உதவும் கருவியும் அப்பிள்ளைகளின் கண்ணுங் காதும் ஆகும்; அவற்றைத் தடைசெய்ய எவருக்கும் உரிமையில்லை.

நம் நாட்டவர் முன்வைக்கக்கூடிய இன்னொரு மறுப்பு உண்டு. அது கனமானது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே பாடசாலையாயிற்று. அக்காலத்திலே பல ஆசிரியர்கள் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் பாடம் நடத்தினார்கள். அந்த நன்றியை மறத்தல் ஆகாது. ஆனால், 2021 இலே ஊவாவின் மலைக்கிராமமொன்றிலே பிள்ளைகள் இணைய அலை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய செய்தியையும் நாம் மறக்கலாகாது. மறு ஆண்டு மார்ச்சிலே தாள் இல்லாமல் மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டிற்று. அந்நாட்களிலே தாளுமில்லை, திரையுமில்லை. எஞ்சியிருந்தது ஆசிரியரின் குரலும் பிள்ளைகளின் செவியுமே. நெருக்கடிக் காலத்திலே ஓடம் பயன்பட்டது உண்மை. கரையேறிய பின் ஓடத்தைத் தலையிலே சுமந்து திரிவதற்கு அது நியாயமாகாது.

பெற்றோரின் அச்சத்தை நான் அறிவேன். போரையும், 2019 ஏப்ரல் 21 ஆந் திகதிக் குண்டுவெடிப்புக்களையும் கண்ட நாட்டிலே, "பிள்ளையோடு உடனே பேசவேண்டும்" என்று ஒரு தாய் விரும்புவது குற்றமன்று. ஆயின், அதற்கு வகுப்பறையிலே ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் தொலைபேசி வேண்டியதில்லை. பாடசாலைக் காரியாலயத்திலே எந்நேரமும் எடுத்துப் பேச ஆளிருக்கும் ஒரு தொலைபேசியே வேண்டும். தாயின் குரலுக்கு அங்கே மறுமொழி கிடைக்குமென்ற நம்பிக்கையைப் பாடசாலை உண்டாக்கிவிட்டால் இவ்வாதம் தானே தளர்ந்துவிடும்.

உலகமும் இவ்வழியிலே நடக்கத் தொடங்கிவிட்டது. பிரான்ஸ் 2018 இலே சட்டமியற்றி, ஆரம்பப் பாடசாலைகளிலும் கீழ் இடைநிலைப் பாடசாலைகளிலும் மாணவர் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. நெதர்லாந்து 2024 சனவரி முதல் இடைநிலை வகுப்பறைகளிலிருந்து அதனை நீக்கிற்று. பிரேசில் 2025 சனவரியிலே தேசியச் சட்டமாகவே கொண்டுவந்தது. யுனெஸ்கோ 2023 இல் வெளியிட்ட அறிக்கை, கற்றலுக்கு உதவும்போது மட்டுமே கருவி பாடசாலையில் இடம்பெறவேண்டுமென வற்புறுத்தியது. இவை தொழில்நுட்பத்திற் பின்தங்கிய நாடுகளின் செயல்களல்ல என்பது கவனிக்கத்தக்கது.

"எங்கள் பாடசாலைகளிலே மாணவர் கைத்தொலைபேசி கொண்டுவர அனுமதி இல்லையே, இவர் யாருக்கு எழுதுகிறார்?" என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் என் குறை தொடங்குகிறது. விதி பிள்ளைகளுக்கு மட்டுமாயிருக்கிறது. மாணவனின் பையைச் சோதிக்கிறோம். பாடத்தின் நடுவே அழைப்பு வந்தால் ஆசிரியர் வாசலுக்குப் போய்ப் பேசுகிறார். விழாவிலே பிள்ளை பாடும்போது முன்வரிசைப் பிரமுகர்கள் தத்தம் திரையைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பிலே எழுதிக்கொடுக்க வேண்டிய குறிப்பு, படமாக எடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுவிலே இடப்படுகிறது. அதாவது, வாசலிலே தடுத்த கருவியைப் பின்கதவாலே நாமே கட்டாயமாக்குகிறோம். வீட்டிலுள்ள ஒரே தொலைபேசியைத் தந்தை வேலைக்குக் கொண்டுபோனால் அந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? மறுநாள் அது வீட்டுவேலை செய்யாத பிள்ளையாக எழுந்து நிற்கும். வறுமையைக் குற்றமாக்கும் இவ்வழக்கம் எந்தச் சட்டத்தாலும் விதிக்கப்பட்டதன்று. வசதி கருதி நாமே வளர்த்தது.

ஆகவே அதிபர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் நான்கு. முதலாவது, விதி ஆளுக்குரியதாக அன்றி இடத்திற்குரியதாக இருக்கட்டும். வகுப்பறைக்குள்ளே மாணவர், ஆசிரியர், கல்வி அதிகாரி, விருந்தினர் எவரும் தனிப்பட்ட தொலைபேசியோடு நுழையலாகாது. கோயில் வாசலிலே செருப்பைக் கழற்றும்போது எவரும் அதை அவமானமாகக் கருதுவதில்லை. இரண்டாவது, வீட்டுவேலையும் குறிப்பும் வகுப்பிலேயே, கொப்பியிலேயே கொடுக்கப்படட்டும். மூன்றாவது, காரியாலயத் தொலைபேசிக்கு எப்போதும் மறுமொழி கிடைக்கட்டும். நான்காவது, தவறிக் கொண்டுவந்த பிள்ளையை வகுப்பார் முன்னிலையிலே அவமதிக்கவோ, கருவியை உடைக்கவோ வேண்டாம். மாலைவரை வாங்கி வைத்துப் பெற்றோரிடம் ஒப்படைத்தால் அதுவே போதும். கவனத்தைக் காப்பதற்காக வந்த விதி பிள்ளையின் மானத்தைக் குலைப்பதாக முடியலாகாது.

அந்தப் பாடசாலை அதிபருக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை வரும்போது என் கைத்தொலைபேசியைக் காரியாலயத்திலே ஒப்படைத்துவிட்டே வகுப்பிற்குப் போவேன் என்று அதிலே உறுதி கூறியிருக்கிறேன். அச்சிறுமியிடம் என் மன்னிப்பைத் தெரிவிக்கும்படியும், உச்சி அடிக்கு வெளியே சரிந்து நிற்கும் முக்கோணியை அவள் விளக்கி முடிக்க இன்னொரு பாடவேளை கொடுக்கும்படியும் கேட்டிருக்கிறேன். இடம் கிடைத்தால் அதே பின்வரிசையிலே இருந்து கேட்க எனக்கு விருப்பம்.